ஆறாம் நம்பரில் ஆள் இருந்தார்

ஆளே இல்லாத நாற்காலியிடம் போய், லேசாகக் குனிந்து, "அடா ஓராங்?" என்று கேட்கிற ஒரு பெண்மணியோடு நான் மூன்று வருடம் வேலை பார்த்தேன். மலாய் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 'ஆள் இருக்கா?' என்று அர்த்தம். மலாக்காவில் கழிவறைக் கதவைத் தட்டும்போதும் இதைத்தான் கேட்போம், சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்றாலும் இதைத்தான் கேட்போம். காலி நாற்காலியிடம் கேட்டவர் என்று நான் கண்டது அவர் ஒருவரைத்தான். கண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தும் இருக்கிறேன்.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் வகுப்புக்கு வருகிறவர்களிலிருந்து கீழே கோப்பிக் கடை வைத்திருந்த சீனர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'காக்'. மலாயில் அக்கா. நான் செய்த காரியத்துக்குப் பிறகு அந்தப் பெயரை என் கையால் எழுதக் கூச்சமாக இருக்கிறது. காக் என்றே இருக்கட்டும்.

காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் கணினி மையம் இருந்தது. தமிழ்ச் சமூகத்துக்காரர்கள் சிலர் கமிட்டி போட்டு நடத்தினார்கள். நான் கோலாலம்பூரில் டிப்ளோமா வாங்கியவன், அதனால் 'சார்'. காக் பக்கத்திலேயே செட்டிகள் குடியிருந்த செட்டிக் கம்பத்துக்காரர். மலாக்கா செட்டிகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பெயர் தமிழ், சாமி தமிழ், குழம்பில் பாதி தமிழ், பேச்சு மட்டும் மலாய். குருபோங் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் வேலை பார்த்தபோது, கூட இருந்த பெண்களிடம் பொறுக்கிச் சேர்த்த தமிழ்தான் காக்கினுடையது. வினைச்சொல் பாதியில் நிற்கும். "நான் போக, பார்க்க, அப்புறம் சொல்ல" என்பார். தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது எங்கள் மையத்துக்கு வந்தார். காலையில் திறப்பது, மாலையில் பூட்டுவது, நடுவில் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

இருபது கணினிப் பெட்டிகள். ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்டவை. தங்கள் ரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று உள்ளே இருந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள். மூளையில்லாத மண்டை என்று நான் சொல்வேன். ஓரத்துச் சிறிய அறையில் ஒரே ஒரு சர்வர் இருந்தது. இருபது பெட்டிகளும் நெட்வொர்க் கம்பி வழியாக அதை அண்டித்தான் பிழைத்தன. ஒரு பெட்டியைத் திறந்தால், சர்வர் தன் டிஸ்கில் கொஞ்சம் இடத்தை அதற்குக் கடனாக ஒதுக்கும். அந்த இடத்துக்குக் காவலாக ஒரு புரோசஸ், உள்ளே ஓடும் சின்ன நிரல், உட்காரும். பெட்டியை முறையாக அணைத்தால் காவலும் எழுந்து போய்விடும்.

முறையாக அணைத்தால்தானே! மலாக்காவில் பிற்பகல் என்றால் இடி. இடி என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கு, பிறகுதான் மற்றது. பிறந்ததிலிருந்து வீட்டில் சொல்லிச் சொல்லி ஊறிப்போன பழக்கம். தூரத்தில் ஒரு உறுமல் கேட்டால் போதும், வகுப்பு முழுக்க மேசைக்கடியில் குனிந்துவிடும். பெட்டி போய்விட்டது என்று சர்வருக்கு யார் சொல்வது? வெளியே போனவனுக்குச் சோறு மூடி வைத்துக் காத்திருக்கிற வீடு மாதிரி அது பாட்டுக்கு இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். நாலு நாள் தொடர்ந்து இடித்தால், சர்வர் திரையில், காவல் புரோசஸின் பெயரான என்.பி.டி. சர்வர் என்று வரி வரியாக, ஒரே பெட்டிக்கு இரண்டு மூன்று என நாற்பது ஐம்பது காவல்கள் தேங்கி நிற்கும். பாதிக்கு மேல் போனவர்களுடையவை. சர்வர் மூச்சு வாங்கும். யாராவது உட்கார்ந்து செத்த காவலையெல்லாம் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும்.

காக் அதை எப்படிச் செய்வார் என்று கேளுங்கள். பட்டியலைப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் பெட்டி நம்பர்களைக் குறித்துக்கொள்வார். செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போவார். ஒவ்வொரு நம்பரிடமும் நின்று, "அடா ஓராங்?" பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போலச் சூடு பார்ப்பார். நாற்காலியையும் தொட்டுப் பார்ப்பார். திரும்பி வந்து, அந்த ஒன்றை மட்டும் நிறுத்துவார். மறுபடி செருப்பு, மறுபடி கூடம். ஐம்பதையும் முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

"காக், இங்கேர்ந்தே ஒரு தட்டு தட்டினா போகுது. எதுக்கு இந்த நடை?" என்று கேட்டேன்.

"பார்க்காம நிறுத்த தாக் போலே, சார்," என்றார். தாக் போலே என்றால் முடியாது, கூடாது இரண்டும்தான். அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் ஜாலான் பெண்டஹாரா துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண், எங்கள் பதினாலாம் நம்பரில் உட்கார்ந்து வேலை விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் கைப்பேசி அடிக்க, சிக்கனமான பெண் பாருங்கள், திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். திரை இருட்டு, நாற்காலி காலி. நானாயிருந்தால் முடித்திருப்பேன் ஜோலியை. காக் போய் நின்றார், கேட்டார், தொட்டார். "நாற்காலி சூடு, சார். ஆள் இருக்கு," என்று திரும்பி வந்துவிட்டார். பத்து நிமிஷத்தில் அந்தப் பெண் மேலே வந்து விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தாள். தன் விண்ணப்பம் தப்பியது அவளுக்குத் தெரியவே தெரியாது. காக் சொல்லவுமில்லை.

இன்னொரு முறை பர்ச்சுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பொங்கலுக்கு முன்னால் செட்டிகள் செத்துப்போன பெரியவர்களுக்குப் படைக்கிற நாள். வாழையிலையில் சோறு, மீன், கோழி, தேங்காய்ப்பால் பலகாரங்கள். படைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். எனக்கோ அகோரப் பசி. கொஞ்ச நேரம் கழித்து, இலைகளை எடுக்க உள்ளே போகும் முன், காக் நிலைப்படியில் நின்று மெல்லக் கேட்டார்: "அடா ஓராங்?"

என் கேடுகெட்ட வாய் சும்மா இருக்குமா? "என்ன காக், பதில் சொன்னாங்களா?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சொல்றது அவங்க வேலை. கேக்கறது நம்ம வேலை," என்று மலாயில் சொல்லிவிட்டு எனக்கு முதல் இலையை எடுத்து வைத்தார். நான் மூக்கு முட்டத் தின்றேன்.

இனி சைக்கிள் மாமாவைச் சொல்ல வேண்டும். காஜா பேராங் முச்சந்தியில், ஐந்தடி நடைபாதையில் பஞ்சர் ஒட்டுகிறவர். அறுபதை நெருங்கிய மனிதர். இந்த மண்ணிலேயே, ஜாசினுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். ஆனால் பையில் இருந்ததோ சிவப்பு ஐசி, சிவப்பு அடையாள அட்டை. இருந்துகொள்ளலாம், குடிமகன் இல்லை, ஓட்டு இல்லை. மெர்டேக்கா சமயத்தில், சுதந்திரம் வந்த கையோடு, தோட்டம் தோட்டமாகக் குடியுரிமைப் பாரங்கள், விண்ணப்பப் படிவங்கள், வந்தபோது அவர் சின்னப் பிள்ளை. அப்பன் எங்கோ ஓடிவிட்டான். அம்மா அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே செத்துப்போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வளர்த்தார்கள். யாரும் இவருக்குப் பாரம் எழுதவில்லை. பிறப்புச் சான்றும் இல்லை.

காக்தான் அவரை மாடிக்கு அழைத்து வந்து மறுபடியும் விண்ணப்பிக்க வைத்தார். பாரத்தில் எல்லாக் கட்டமும் நிறைந்தது, ஒன்றைத் தவிர. தாயார் பெயர். மாமாவுக்கு அது தெரியாது. வளர்த்தவர்கள் 'கடைசி வீட்டுக்காரி' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"எனக்கு ஐசி கூட அப்பறம், சார். எங்கம்மாவ என்னா பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா போதும்," என்று மாமா என்னிடம் கத்தினார். கத்தினார் என்றால் கோபமில்லை. அவருக்குக் காது மந்தம். தன் குரலின் உயரம் அவருக்குத் தெரியாது.

கோயிலில் விசாரித்து விசாரித்துக் காக் ஒருவரைப் பிடித்துவிட்டார். அந்தத் தோட்டத்தின் பழைய கிராணி. ஆபீஸில் ஆள் பேர் எழுதியவர். எண்பதைத் தாண்டிவிட்டார், கிளேபாங்கில் மகள் வீட்டில் இருந்தார். கடைசி வீட்டுக்காரியின் பெயர் தெரிந்தவர் உலகத்தில் இவர் ஒருவர்தான். வந்து சாட்சி சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை: முதலிலிருந்து, தன் போக்கில்தான் சொல்வார்.

இதில் ஒரு சங்கடம். கிராணிக்குக் குரல் எழும்பாது, மாமாவுக்குக் காது கேட்காது. காக்குக்கு அந்தக் காலத்துத் தோட்டத் தமிழ் முக்கால்வாசி புரியாது. ஆக, உட்கார்ந்து கேட்டு மலாயில் எழுத வேண்டியவன் நான். காக் ஒரு வாரம் முன்பே கேட்டுவைத்தார். கிராணி வரும் அன்று காலை மறுபடியும் கேட்டார்.

"இன்னிக்குத் தலைவர் வர்றாரு, காக். கதை கேக்க எனக்கு நேரமில்ல. மைக்க மாட்டி ரெக்கார்ட் பண்ணி வைங்க. நாளைக்கு ஹெட்போன்ல கேட்டு எழுதித் தர்றேன். மாமாவும் அதிலயே சத்தமா வச்சுக் கேட்டுக்கலாம்," என்றேன்.

மாடிப்படியில் கிராணியை நானே கைபிடித்து ஏற்றினேன். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். "தம்பி, மெர்டேக்கா நேரத்துல லயம் லயமா, வீடு வீடா நடந்து பாரம் எழுதினது நான்தான். இந்தப் பையன் பேரு விட்டுப்போச்சு. எப்படி விட்டுப்போச்சுன்னு நான் சாவுறதுக்குள்ள சொல்லணும்," என்றார்.

"மேல போயி சொல்லுங்கய்யா. மெஷின் கேட்டுக்கும்," என்றேன். இதை எழுதும்போது என் நாக்கு கூசுகிறது. ஐம்பது வருடம் மனதில் வைத்திருந்ததை ஒரு மனிதன் சொல்ல வருகிறான், மெஷின் கேட்டுக்கொள்ளுமாம்!

ஆறாம் நம்பரில் மைக் மாட்டி, காக் பதிவை ஓடவிட்டார். நீளமான பேச்சு பெட்டியின் சின்ன ஞாபகத்தில் அடங்காது. சர்வர் கடன் கொடுத்த இடத்தில்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. விசைப்பலகையை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை தானாக இருட்டாகிவிட்டது. கிராணி பேசிக்கொண்டே இருந்தார். மாமா ஒன்றும் கேட்காமலே தலையாட்டிக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் தலைவர் வந்தார். கமிட்டித் தலைவர், நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் சீக்கிரம் பார்க்க வேண்டும். சர்வர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "என்னா சார் இது, அந்தக் காக் நாற்காலிக்கு நாற்காலி போயி சாமி கும்புடுதாமே? மெஷின் வேற ஸ்லோவா இருக்குங்கறாங்க," என்று சிரித்தார்.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். இரண்டு வாரமாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். எந்தெந்தப் பெட்டியில் ஒரு மணி நேரமாக விசையோ மவுஸோ அசையவில்லையோ, அதன் காவலையெல்லாம் ஒரே தட்டில் நிறுத்திவிடும். ஒரு மணி நேரம் அசையாமல் எவன் உட்கார்ந்திருப்பான்? இதுதான் என் டிப்ளோமா.

பட்டியலைத் திரையில் போட்டேன். நாற்பத்தொரு வரி. அதில் ஆறாம் நம்பரும் இருந்தது. பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்திலிருந்து மெல்லிய முணுமுணுப்பாக ஒரு கிழக்குரல் வந்துகொண்டிருந்தது. கேட்டேன். ரெக்கார்டிங் காலையிலேயே முடிந்திருக்கும், கிழவர்கள் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா? எழுந்து போய்ப் பார்த்தால் பன்னிரண்டு எட்டு. பிறகு ஒருநாள் நடந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். அன்று அந்த நேரம் பார்த்து முன்கூடத்தில் வகுப்புக்கு வந்திருந்த புதுப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்று காக்கும் அரை மணி நேரம் எழுந்து போயிருந்தார்.

"இப்பப் பாருங்க தலைவரே," என்று தட்டினேன். நாற்பத்தொரு வரியும் மாயமாய்ப் போனது.

"அட! இவ்வளோதானா?" என்று தலைவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

கூடத்தில் கிராணி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். செத்துப்போன பெட்டியிடம் பேசினார். எல்லாம் முடிந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். "மனசுல இருந்ததெல்லாம் கொட்டிட்டேன், தம்பி," என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் டாக்சி ஏறினார். அதன் பிறகுதான் காக் பதிவை நிறுத்தப் போய் விசையைத் தொட்டார். திரை விழிக்கவில்லை. ஒன்றும் இல்லை.

சர்வர் அறை வாசலில் வந்து நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. "சார், ஆறாம் நம்பர் நின்னுபோச்சு. நீங்க ஏதாவது தொட?"

தலைவர் பக்கத்தில் இருக்கிறார். இப்போதுதான் முதுகில் தட்டியிருக்கிறார். "இல்லையே காக். கரண்ட் ஒரு செகண்ட் போயி வந்திருக்கும்," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது!

காக் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தார். அது நிற்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு உறுமல்கூட இல்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்க நடுநடுவுல சேவ் பண்ணியிருக்க வேணாமா?" என்று தலைவர் அவரைக் கேட்டார். காக் திரும்பிக் கூடத்துக்குப் போனார்.

அன்று மாலையே கிளேபாங்குக்கு போன் போட்டார். அப்பா அலுப்பில் படுத்துவிட்டார், காலையில் கூப்பிடுங்கள் என்றாள் மகள். காலையில் காக் கூப்பிடும் முன்னால் அவளே கூப்பிட்டாள். கிராணி குளியலறையில் விழுந்துவிட்டார். பக்கவாதம். நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆள் இருந்தார், கண் இருந்தது, பேச்சு இல்லை, கை இல்லை. மாமா அவர் காதருகே போய், "எங்கம்மா பேரு என்னாங்கய்யா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். கிராணியின் வாய் கோணிக்கொண்டு அசைந்தது. பதினோராம் நாள் அவர் போய்விட்டார்.

தான் உட்கார்ந்திருந்த நேரத்தில் காக்கின் காதில் மூன்று பெண் பெயர்கள் விழுந்திருந்தன. முனியம்மா, தாயம்மா, அஞ்சலை. ஒருத்தி மருத்துவச்சியாக இருக்கலாம், ஒருத்தி கங்காணி பெண்சாதியாக இருக்கலாம். எது அம்மா என்று அவருக்குப் புரியவில்லை. "ஏதாவது ஒண்ண எழுதுங்க காக். யாருக்குத் தெரியப்போகுது?" என்று நான் யோசனை சொன்னேன். யோசனை சொன்னவன் யார் பாருங்கள்!

அவர் தலையை ஆட்டிவிட்டார். கட்டம் காலியாகவே போனது. விண்ணப்பம் திரும்பி வந்தது.

அது வந்து நான்கு நாள் கழித்து, வகுப்பு தொடங்கும் முன், காக் என் மேசையில் ஒரு தாளை வைத்தார். சர்வர் எழுதிவைக்கும் குறிப்பு. எந்த நிமிஷத்தில், யார் பெயரில், எந்தக் கட்டளை ஓடியது என்று அதில் இருக்கும். என் பெயருக்கு அடியில் பென்சிலால்கூட ஒரு கோடு போடவில்லை.

"நான் யாருக்கும் காட்ட இல்ல, சார்," என்று தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "நீங்களே மாமாகிட்ட சொல்லிடுங்க. அது போதும்."

"சொல்லிடறேன், காக்," என்றேன். உண்மையாகவே சொல்லிவிட நினைத்தேன். இன்று, நாளை, இந்த வாரம், தீபாவளி கழியட்டும்.

அதற்குள் கமிட்டி கூடியது. பெட்டியைக் கவனிக்கத் தெரியாதவரை எதற்கு வைத்திருப்பது, அதுதான் சாரின் ஸ்கிரிப்ட் இருக்கிறதே என்று பேச்சு வந்தது. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மாமா கீழே முச்சந்தியில் வைத்துக் காக்கை ஏசினாராம். "என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே!" என்று. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த பெண், அந்தத் தெருவிலேயே தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனார். சாவியை என்னிடம்தான் கொடுத்தார். அவர் பையில் அந்தத் தாள் இருந்திருக்கும். எடுக்கவில்லை.

நான்கைந்து வருடம் போனது. மையமும் மூடிப்போனது. ஒரு தீபாவளிச் சமயம், ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடைக் கூட்டத்தில் காக் எதிரே வந்தார். இளைத்திருந்தார். ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை என்றார். என் பிள்ளைகளைக் கேட்டார். பிறகு, சாதாரணமாக, "மாமாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றார்.

"சொல்லிட்டேன் காக். அப்பவே சொல்லிட்டேன்," என்றேன்.

"ஷுக்கூர்லா," என்றார். அப்பாடா என்பதுதான் அது. அந்த முகம் அப்படித் தெளிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இத்தனை வருடம் மாமா இருந்த அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார் போல. இனி நேராகப் போகலாமே என்ற தெளிவு அது. எனக்குக் கையிலிருந்த துணிப்பை கனத்தது.

பொங்கல் முடிந்து மறுபடியும் பார்த்தேன், பஸ் நிலையத்தில். அவரே ஓடிவந்தார். "சார், நான் மாமாவப் பார்க்கப் போனேன். சார் சொல்லிட்டாராமேன்னு கேட்டேன். ஆமா, அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு, நான்தான் உன்னத் தப்பா பேசிட்டேன்னு கையப் பிடிச்சுக்கிட்டார்," என்று மலாயில் மூச்சுவிடாமல் சொன்னார். பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நான் போகவே இல்லை. மாமாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காக் கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். விளங்கியும், ஆமாம் என்றிருக்கிறார்.

மறுநாள் முச்சந்திக்குப் போனேன். மாமா ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப வயதாகிவிட்டது. பக்கத்துக் கோப்பிக் கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் குந்தி உட்கார்ந்து, "மாமா, அன்னிக்கி ஆறாம் நம்பர நிறுத்தினது நான்தான்," என்றேன்.

"என்னா? சத்தமா சொல்லுங்க!"

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். காதை மடித்துக் காட்டினார். வேறு வழியில்லை. "நான்தான் மாமா நிறுத்தினேன்! காக் இல்ல! நான்தான்!" என்று தெருவில் உட்கார்ந்து கத்தினேன். கோப்பிக் கடையில் பேச்சு நின்றது.

"தெரியும் சார். அந்தப் பொம்பள வந்து கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றார். "இல்லன்னு நான் சொன்னா அது மறுபடியும் அழும். போவட்டும்னு ஆமான்னுட்டேன்." டியூபைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "அத வுடுங்க. நீங்க பக்கத்து ரூம்புலதான இருந்தீங்க? காக் எழுந்து போன நேரம், கிராணி ஏதாச்சும் பேரு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா? முனியம்மாவா, தாயம்மாவா, அஞ்சலையா? நீங்க படிச்சவரு. நீங்க சொன்னா நான் அதையே வச்சுக்கறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பெயர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு பெயரைச் சொன்னால் அந்த மனிதர் நிம்மதியாகப் படுப்பார். நானும் எழுந்து போய்விடலாம். குரல் கேட்டது உண்மை. ஒரு சொல்லைக்கூட நான் காதில் வாங்கவில்லை.

"தெரியல, மாமா!" என்று கத்தினேன். "ஒண்ணும் கேக்கல!"

அவர் தலையாட்டினார். டியூபில் ஓட்டை இருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே, தனக்குள் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு, மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். தெரு முழுக்கக் கேட்டது.